கூரை வழியாகப் போன கார்

தராசுக்காரரின் கார் வீட்டை விட்டுப் போனது வாசல் வழியாக அல்ல, கூரை வழியாக. அன்று வியாழக்கிழமை, முற்பகல், நல்ல வெயில், காற்று என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பின்னறையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் முதலில் முனகின, பிறகு ஓரமாக விலகி வழிவிட்டன. அந்த வழியே இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சின்னச் சிவப்புக் கார், மடக்குக் கூரையை மடக்கி வைத்தபடி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் தராசுக்காரரையும் அவர் கையில் ஓர் அரத்தையும் வைத்துக்கொண்டு மேலே வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே, கட்டியிருந்த கயிற்றின் நீளம் தீர்ந்த இடத்தில் நின்றது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, வாளியில் இருந்த கடைசித் துணிக்கும் கிளிப் மாட்டிய பிறகுதான் உள்ளே போய்ச் சொன்னார். வருஷக்கணக்காக அந்த வீட்டிலிருந்து அரம் ராவுகிற சத்தம் கேட்டுப் பழகிய தெரு அது. இது இப்படி ஏதாவது ஒன்றில்தான் போய் முடியும் என்று எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தோன்றியிருந்தது. கவலைப்பட்டவள் ஒருத்திதான், தராசுக்காரரின் மனைவி. அந்தக் கார் வீட்டை விட்டுக் கிளம்புகிற அன்றைக்குத் தானும் கிளம்பிவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

கடைத்தெருவில் இருக்கிற தராசுகளைப் பழுது பார்த்து, முள்ளை நேராக்கித் தருவது அவர் தொழில். உலகத்தில் உள்ள எதையும் அவர் எடையாகத்தான் பார்த்தார். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் இரண்டு முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு எடையைச் சொல்லிவிடுவார், அது சரியாகவும் இருக்கும். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவளுடைய பெட்டியைத் தூக்கி இறக்கி வைத்தவர் அதன் எடையைச் சொன்னாரே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அவள் அதை மறக்கவுமில்லை. அவளோ திரைச்சீலை தைப்பவள். இஞ்ச் டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும், குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவாள் என்று அவள் தம்பி கேலி செய்வான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் ஆட்களை. எடை பார்க்கிற மனிதரும் அகலம் பார்க்கிற மனுஷியும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் வாழ முடியும். ஒருவர் மற்றவரிடம் அவ்வப்போது ஏதாவது கேட்டுக்கொண்டால் போதும். அந்த வீட்டில் கேட்கிற வேலை முழுவதும் ஒருத்தி தலையில்தான் விழுந்தது.

கார் வந்தது துண்டுதுண்டாக. ஒரு பல் மருத்துவர் ஆசைப்பட்டு வாங்கி, பாதி பிரித்து, அலுத்துப்போய், ஷெட்டில் போட்டு வைத்திருந்த பழைய இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். எடுத்துப் போனால் போதும் என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் திரை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டெம்போ வந்து நின்றது. திரும்பி வந்தபோது அவளுடைய தையல் மிஷின் நடைவழியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது. பின்னறையில், வடக்கு ஜன்னலின் வெளிச்சம் விழுகிற இடத்தில், மிஷின் இருந்த இடத்தில், துருப்பிடித்த ஒரு சேசிஸ் கிடந்தது. கதவுகள் சுவரில் சாய்ந்திருந்தன, எஞ்சின் ஒரு பழைய கோணிப்பையின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இந்த இடத்துலதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார் தராசுக்காரர், முகமெல்லாம் சந்தோஷமாக.

"வெளிச்சத்துக்காகத்தானே நான் அங்க மிஷின் போட்டேன்?"

"ஆமா. அத வெச்சுத்தான் எனக்கும் தெரிஞ்சுது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு விஷயம் புரிந்திருக்கக்கூடும். "ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை இல்ல உங்களுக்கு?" என்றாள். "சரி. இன்னைக்கே போனா, என்னாலதான் வேலை கெட்டுப்போச்சுன்னு சொல்லுவீங்க. இந்த வண்டி இந்த வீட்டை விட்டுக் கிளம்புற அன்னைக்கு நானும் பெரியக்கா வீட்டுக்குக் கிளம்பிடறேன். அதுவரைக்கும் இருக்கேன்." தராசுக்காரர் தலையாட்டினார். கையில் ஒரு கதவுப்பிடி இருந்தது, அதன் எடையை யோசித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது உள்ளே இறங்க ஒரு வாரம் ஆனது. இறங்கிய அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வேலை முதல் இரண்டு வருஷம் மளமளவென்று நடந்தது. அவள் தம்பி வெல்டர். வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம். உளுத்துப்போன தரைத்தகட்டை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தான். சில்லுகள் சுவரில் தெறித்து ஜன்னல் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டன. எஞ்சினைத் தராசுக்காரரே பிரித்தார், மண்ணெண்ணெயில் கழுவினார், மறுபடி சேர்த்தார். வெளியே எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் தன் தராசில் வைத்துப் பார்த்து அதன் எடையைச் சாக்கட்டியால் அதன் மேலேயே எழுதினார். சின்னக் காருக்கு எடைதான் எதிரி என்று அவர் அடிக்கடி சொல்லுவார், எதிரி அடுத்த தெருவில் குடியிருப்பதைப் போன்ற குரலில். தரையில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி எடுத்தார். இரும்புக் கதவுக்குப் பதில் அலுமினியக் கதவு வைத்தார். பெரிய முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மார்பளவே உயரமுள்ள குட்டைக் கண்ணாடி பொருத்தினார். பிரேக் பெடலில் வரிசையாக ஓட்டை போட்டார், கியர்க் குமிழின் உட்புறத்தைக் குடைந்தார். ஒரு போல்ட் நட்டைத் தாண்டி இரண்டு மரை நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் ராவி எடுத்தார். நீட்டிக்கொண்டிருக்கிற மரையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டான்.

மடக்குக் கூரை தைக்கும் வேலை வந்தபோது வேறு யாரிடம் போவது? அதையும் அவர் கேட்கவில்லை. மெழுகு பூசிய கறுப்பு கேன்வாஸ் சுருள் ஒன்றை நடைவழியில் மிஷின் மேல் வைத்துவிட்டு, மென்று முழுங்கிக்கொண்டு நின்றார். துணி நல்ல துணி. வேலை என்று வந்துவிட்டால் கோபத்தை ஓரமாக வைப்பவள் அவள். டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்ச் சட்டத்தை அளந்தாள், பக்கவாட்டை அளந்தாள், காரின் அகலத்தை இந்த மட்கார்டிலிருந்து அந்த மட்கார்டு வரை அளந்தாள். திரும்பி வரும்போது பழக்கதோஷத்தில் பின்னறைக் கதவின் அகலத்தையும் அளந்தாள். ஒரு முறை அளந்தது போதாமல் மறுபடி அளந்தாள். கார் கதவைவிட ஒரு முழத்துக்கு மேல் அகலமாக இருந்தது.

துண்டாக உள்ளே வந்தது முழுசாக வெளியே போகாது என்பது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. தராசுக்காரர் ஆயுளில் ஒரு டேப் வாங்கியவர் அல்ல. தம்பிக்குப் பற்றவைக்கிற இடத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அவள் அந்தக் கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் உடனே சுவரை இடிப்பார்கள், கார் கிளம்பும், அவளும் கிளம்ப வேண்டியிருக்கும். டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்த் துணி வெட்ட ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு ஏனோ அவளுக்கு மனசு லேசாக இருந்தது, மிஷினில் உட்கார்ந்து தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். கூரை ஒரு சுருக்கம் இல்லாமல் பொருந்தியது.

அதற்கடுத்த வருஷம் எஞ்சின் ஓடியது. மச்சான் கைதட்டினான், பின்னறை முழுவதும் புகை. தராசுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சீராக, ஒரு திக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் போனது. சாவியைத் திருப்பி அணைத்தார். "சத்தம் சரியில்ல" என்றார். "இன்னும் எடை இருக்கு." இறங்கி, அரத்தை எடுத்து, ஏற்கெனவே ராவியிருந்த ஒரு கீலை மறுபடி ராவ ஆரம்பித்தார். நடைவழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கார் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று இந்த மனிதர் சொல்லப்போவதே இல்லை. அவளுக்கு அழுகையாக வந்தது. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, 'போகாதே' என்றோ 'இரு' என்றோ சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம், அதற்கு இவ்வளவு இரும்பா என்று ஆத்திரமாகவும் வந்தது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர் காலையில் கடைத்தெருவுக்குப் போனார், மதியத்துக்கு மேல் வந்து ராவினார். அவள் திரைகள் தைத்தாள், தராசுக்காரரின் சட்டையிலிருந்து உலோகத் தூளை உதறினாள், பின்னறையைக் கூட்டினாள். அள்ளிய தூளை ஒரு டிரம்மில் கொட்டி வைத்தார்கள். டிரம் நிறைந்தபோது அதை நகர்த்த நாலு பேர் வேண்டியிருந்தது. காரை நகர்த்த ஒருவரே போதுமாக இருந்தது. பிறகு ஒரு விரல் போதும் என்றானது. டயர்கள் தரையில் தடம் பதிக்காமல் போயின. பக்கத்துவீட்டுப் பூனை பானெட்டின் மேல் குதித்தால் காரின் மூக்கு தாழ்ந்து, அது இறங்கியதும் நிமிர்ந்தது. கோடையில் மேசைவிசிறியைப் போட்டபோது கார் மெதுவாக அறையைச் சுற்றி வந்து ஜன்னலில் முட்டி நின்றது. தராசுக்காரர் ஒரு கயிறு எடுத்து முன்பக்கத்தில் கட்டி மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தார். தராசின் மேல் ஏற்றிப் பார்த்தால் முள் அசையவே இல்லை. அது தராசின் குறை என்று வேறு ஒரு தராசில் வைத்துப் பார்த்தார். அதற்கப்புறமும் ராவினார். எடையே இல்லாத ஒன்றிலிருந்து இன்னும் எடையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

ஒரு காலையில் கார் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் காபியோடு பின்னறைக்குப் போனவள் நிமிர்ந்து பார்த்து, "அடிப்பக்கம் ஒரே ஒட்டடையா இருக்கு" என்றாள். துடைப்பத்தை எடுத்து வந்து அதையும் சுத்தம் செய்தாள். தராசுக்காரர் முத்திரை போட்ட தன் இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். கார் இறங்கி வந்தது. மறுநாள் காலையில் கற்களோடு சேர்ந்து மேலே இருந்தது. கற்களை வெளியே எடுத்து நிறுத்தால் எடை சரியாக இருந்தது, உள்ளே வைத்தால்தான் வேலை செய்யவில்லை. மச்சானை உட்கார வைத்தார்கள். அவன் நல்ல ஆகிருதி, இரண்டு பேர் உட்காருகிற இடத்தில் ஒருவனாக உட்காருகிறவன். அவனையும் தூக்கிக்கொண்டு கார் மேலே போனது, ஏணி வைத்து இறக்க வேண்டியதாயிற்று. இறங்கியவன் அக்காவைப் பார்த்து, "நீ ஒரு தடவை உக்காந்து பாரேன்க்கா, ஒல்லியா இருந்தா என்ன இப்ப?" என்றான். "என்னை யாரும் கேக்கலையே" என்றாள் அவள். தராசுக்காரர் அப்போது அங்கேதான் நின்றார். கற்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை. காரை எட்டுவதற்கு ஏணியில் ஏறிப்போய் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் தண்டை ராவிக்கொண்டிருந்தார், கார் கூரையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போனது. தெருவில் ஆட்கள் சேர்ந்தார்கள். மச்சான் பட்டறையிலிருந்து ஓடி வந்து, மாடிக்கு ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மாமா, கயித்தைப் புடிச்சுக்கிட்டு எறங்கி வந்துடுங்க, நான் கீழ இழுத்துப் புடிக்கிறேன்" என்று கத்தினான். தராசுக்காரர் அசையவில்லை. அவருடைய கண் தெருவாசலில் இருந்தது. அவள் உள்ளே போயிருந்தாள், எதற்குப் போயிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

அவள் பெட்டியோடு வந்தாள். அதே பழைய பெட்டி. வாசல்படியில் நின்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மேலே இருந்தபடியே அவர் இப்போது அதன் எடையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். எடை வரவில்லை. பிறகு மேலேயிருந்து, "பெட்டியில என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

பெட்டியைக் கீழே வைத்தாள். "கத்திரிக்கோல்" என்றாள். "ரெண்டு நூல்கண்டு. மாத்துத் துணி. அம்மா குடுத்த கண்ணாடி." அப்புறம், "வேற ஒண்ணும் பெருசா இல்ல" என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டாவது கேள்வியையும் கேட்டார். முதல் கேள்வியைக் கேட்டு முடித்த மனிதருக்கு இரண்டாவது அவ்வளவு கஷ்டமாக இல்லை போலிருக்கிறது. "ஏறிக்கிறியா? பெரியக்கா வீட்டுல நானே கொண்டுபோய் விடறேன்."

மச்சானும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றை இழுத்துக் காரை மாடிச்சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மாடியேறி வந்து, பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங்குகள் வருஷக்கணக்கில் முதல் தடவையாக முனகின. கார் மாடிச்சுவரைத் தாண்டி, அவசரமே இல்லாமல், தெருவில் நான்கு சக்கரத்தோடும் இறங்கியது. டயரின் தடம் மண்ணில் அச்சாக விழுந்தது. மச்சான் ஜன்னல் கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் காருக்குள் போட்டான், அவர் சாவியைத் திருப்பினார். இருவரும் போனார்கள். வழியெல்லாம் காற்று அடித்ததால் பேச முடியவில்லை, பேச வேண்டியதும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் சொல் சொல்தான். பெரியக்கா வீட்டு வாசலில் கார் நின்றதும் முதலில் கயிற்றை எடுத்துக் கேட்டில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள், பிறகுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கார் மேலே எழும்பிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெரியக்கா காபி கொடுத்தாள், ஜன்னல் வழியாக மேலே பார்த்தாள், "உன் வீட்டுக்காரர் சாப்பிடுவாரா?" என்று கேட்டாள். ஒரு ஃபிளாஸ்க்கும் ரொட்டியும் பையில் போட்டுக் கயிற்றில் மாட்டிவிட்டார்கள், அவர் இழுத்துக்கொண்டார். இறங்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இரவு பனி பெய்தபோது மடக்குக் கூரையைப் போட்டுக்கொண்டு அங்கேயே தூங்கினார். காலையில் அவள் கேட்டுக்கு வந்து பார்த்தபோது கறுப்பு கேன்வாஸ் பனியில் நனைந்து இழுத்துக் கட்டினாற்போல நின்றது. அவ்வளவு வருஷம் கழித்தும் ஒரு சுருக்கம் இல்லை. தன் தையலைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதன் அடியில் தூங்குகிற ஆளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள்.

"ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரியும்" என்றாள், அவர் தலை வெளியே வந்ததும். "அந்தக் கதவு வழியா வண்டி போகாது. அகலம் பத்தாது. கூரை தைக்க அளந்தப்பவே பாத்துட்டேன்."

அவர் கதவுக்கு மேல் இன்னும் குனிந்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." பிறகு, "ஓடற வண்டியை எதுக்கு இத்தனை வருஷமா ராவினீங்க?" என்று கேட்டாள்.

தராசுக்காரர் கையைப் பார்த்தார். அரம் இன்னும் கையிலேயே இருந்தது. "முடிஞ்சுதுன்னா நீ போயிடுவியே" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்த ரூம் வேணும்" என்றாள்.

"அதுக்குக் கூரை இல்லையே இப்ப."

"போடுங்க."

"எப்படிப் போடட்டும்?"

அவள் சொன்னாள். ஜன்னல் எவ்வளவு அகலம், மிஷின் எந்தப் பக்கம், துணி வெட்டுகிற மேசை எவ்வளவு நீளம் என்று இஞ்ச் இஞ்சாகச் சொன்னாள். அவர் மேலேயிருந்து குனிந்து கேட்டுக்கொண்டார், இரண்டு இடத்தில் புரியவில்லை என்று மறுபடியும் கேட்டார். பெரியக்கா உள்ளேயிருந்து பெட்டியைக் கொண்டுவந்து கேட் அருகே வைத்தாள், யாரும் சொல்லாமலே.

பின்னறைக்குக் கூரை போட்டாகிவிட்டது. வடக்கு ஜன்னல் முன்னைவிட அகலம். காருக்கு அனுமதி வழங்க வேண்டிய வாகன ஆய்வாளர் ஒரு நாள் வந்தார். எடை மேடையில் ஏற்றச் சொன்னார், அவளை உள்ளே உட்கார வைத்து ஏற்றினார்கள். அம்மாவை இறங்கச் சொல்லுங்கள் என்றார், இறங்கியதும் கார் அவர் தொப்பிக்கு மேலே போனது. சற்று யோசித்துவிட்டு அம்மாவை மறுபடி ஏறச் சொல்லி, மேடை காட்டிய எடையையே எழுதிக்கொண்டார். தன் எடையை இப்படி ஊரறிய எழுதி வைக்கலாமா என்று அவளுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். உலோகத் தூள் நிறைந்த டிரம் இன்னும் வாசலில் இருக்கிறது, எடுக்க ஆள் வரவில்லை. மற்றபடி கார் வீட்டுக்கு மேலே, தொட்டிக் குழாயில் கட்டிய கயிற்றில் நிற்கிறது. திரை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே நிமிர்ந்து பார்த்துவிடுகிறார்கள். கார் மேலே இருந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள், இல்லையென்றால் இரண்டு பேரும் எங்கேயோ போயிருக்கிறார்கள், நாளைக்கு வர வேண்டும். புகார் சொல்கிறவர் எதிர்வீட்டு அம்மாள் ஒருவர்தான். மதியத்துக்கு மேல் காரின் நிழல் சரியாக அவர் கொடியில் விழுகிறது, துணி காய்வதில்லை. அவர் குரல் கொடுத்ததும் தராசுக்காரர் மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் கட்டட்டும் என்று கீழே பார்த்துக் கேட்கிறார். மிஷின் சத்தம் நிற்கிறது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இடது பக்கம் என்கிறாள்.